செல்லம்மாக்கா பாட்டு

குன்னூர் பேருந்தில் யாரோ கைப்பேசியில் கொலைக்கதை கேட்டுக்கொண்டிருந்தார். "எஸ்டேட் அழகி செல்லம்மாவைக் கொன்றது யார்?" என்று மிரட்டியது குரல்.

அழகியாம்! எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் செல்லம்மாக்காவுக்கு முன்பல் எடுப்பு. எனக்கு மடி நிறையத் தவிட்டுப்பழம் கொண்டுவருவாள். கொன்றவன் கடைசிவரை அகப்படவில்லை, அவள்தான் பாட்டாகிப்போனாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் அதைத்தான் பாடுவார்கள். அவளுடைய அம்மா பக்கத்து நிரைக்கு வந்தால் மட்டும் என் அம்மா இருமுவாள். உடனே பாட்டு தாலாட்டாக மாறிவிடும்.

ஒருநாள் செல்லம்மாக்காவின் அம்மாவே கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்:

"எதுக்குக் கண்ணு இருமற? அந்தப் பாட்டையே பாடுங்க. எம்புள்ள பேரத் தெனமும் சொல்றது நீங்க மட்டுந்தானே."

பேருந்தில் அந்தக் குரல் மறுபடியும் "செல்லம்மா" என்றது. தொண்டைவரை வந்த இருமலை விழுங்கிக்கொண்டேன்.