சின்ன சகலை தூக்கிய நடுத்துண்டு

அக்காவை ஒருவரும் தங்கையை ஒருவரும் கட்டியதால், அந்த இரண்டு கிரேன்காரர்களுக்கும் வேலையிடத்தில் பெரிய சகலை, சின்ன சகலை என்றே பெயர். ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் நெடுஞ்சாலைப் பாலத்தின் எஃகு வளைவு பாதிப் பாதியாக எழும்பி வந்தது. இந்தக் கரையில் பெரியவர், அந்தக் கரையில் சின்னவர். சின்னவரை இங்கே சேர்த்துவிட்டதே பெரியவர்தான். அப்படியிருக்க, இரண்டு பாதிகளையும் இணைக்கும் நடுத்துண்டைத் தூக்கும் வாய்ப்பு சின்னவருக்குப் போனது.

"அவரு கிரேனுக்குக் கை நீளம். வேற ஒண்ணுமில்ல," என்றார் மேற்பார்வையாளர்.

"கை நீளந்தான். எனக்கு வரவேண்டியதையே அள்ளிட்டுப் போறானே!" என்று முணுமுணுத்தார் பெரியவர்.

வீட்டிலோ மனைவி, "என் தங்கச்சி வீட்டுக்காரரு டிவியில வரப்போறாரு!" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுத்துண்டைத் தூக்குவதற்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் படகில் அக்கரைக்குப் போனார். சின்னவரின் கிரேனைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏதாவது குறை கண்ணில் படாதா என்றுதான். பட்டது. கொக்கிக்கு மேலே இரும்பு வடத்தில் இழைகள் அறுந்து முள்முள்ளாய் நீட்டிக்கொண்டிருந்தன.

ஒரு கணம் மனசு குளிர்ந்தது. அடுத்த கணம், அதற்குக் கீழே நிற்கப்போகும் ஆட்களின் நினைவு வந்து அந்தக் குளிர்ச்சி ஓடிப்போனது. சொன்னால் பொறாமை என்பார்கள். இல்லையென்று சத்தியம் பண்ணவும் அவரால் முடியாது. இருந்தும் சின்னவரிடம் போய்ச் சொன்னார்.

சின்னவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னண்ணே, நான் மேல வர்றது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"பொறுக்கலதான் தம்பி. அதுக்காக வடம் அறுந்தது பொய்யாயிடுமா? வந்து தொட்டுப் பாரு."

சின்னவர் தொட்டுப் பார்த்தார். உடனே மேற்பார்வையாளரைக் கூப்பிட ஓடினார்.

வேலை தள்ளிப்போயிற்று, புது வடம் வந்தது. இனி நம்மைத்தான் கூப்பிடுவார்கள் என்று பெரியவருக்குள் ஒரு நப்பாசை. கூப்பிடவில்லை. சின்னவரே தூக்கினார். இக்கரையிலிருந்து பெரியவர் பார்த்துக்கொண்டே நின்றார். துண்டு காற்றில் ஆடாமல் போய், இரண்டு பாதிகளுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னவர் கை ஒரு தரம் தடுமாறாதா என்று அவர் மனசு வேண்டியதும் உண்மை; தடுமாறவில்லை என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டதும் உண்மை.

பாலம் திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. உறவுக்காரர்கள் எங்கே கூடினாலும் சின்னவர் பெரியவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, "அன்னைக்கு அண்ணன் மட்டும் பாக்கலைன்னா..." என்று ஆரம்பிப்பார். வடம் அறுந்த கோலத்தை விரல்களாலேயே நடித்துக் காட்டுவார். கேட்பவர்கள் கண்கலங்குவார்கள். கடைசியில் எவ்வளவு பெரிய மனசு என்று சின்னவரைத்தான் மெச்சுவார்கள்.

வீடு திரும்பும் வழியில் பெரியவர் பொருமுவார்: "கண்டுபிடிச்சது நானு. அதச் சொல்லிப் பேர் வாங்கறது அவனா?"

"நீங்க சொன்னா யாருங்க கேப்பா?" என்பாள் மனைவி.