வேலை பார்க்கும் செருப்பு

பாளையங்கோட்டையில் பழைய கோயில் ஒன்றின் அடிக்கல்லில் உள்ள ஆண்டைக் குறித்துக்கொள்ளப் போயிருந்தேன். இங்கே கிறிஸ்தவர்களும் தங்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதைப் பராமரிப்பவரைக் கோயில்குட்டி என்பார்கள். அங்கிருந்தவருக்கு நரைத்த மீசை, தோளில் தூசி தட்டும் துணி. கதவைத் திறந்ததும் தன் செருப்பைப் படியின் நடுவில் கழற்றிப் போட்டார்.

"ஓரமாப் போடலாமே?" என்றேன்.

"புதுசா வாறவுகளுக்குச் செருப்போட ஏறலாமா கூடாதான்னு தெரியாது. கேக்கக் கூச்சப்பட்டுத் திரும்பிப் போயிருதாவ. இது கிடந்தா உள்ள ஆள் இருக்குன்னும் தெரியும்லா."

சற்று நேரத்தில் நெற்றியில் குங்குமமும் கையில் ஆஸ்பத்திரிச் சீட்டுமாக ஒரு பெண் வந்து தயங்கி நின்றாள். திரும்பப் போனவள், அந்தச் செருப்பைப் பார்த்தாள். தன்னுடையதையும் அருகில் விட்டு, உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். கோயில்குட்டி மின்விசிறியைப் போட்டுவிட்டு, அவளைத் தனியே விட்டு, என்னோடு வெளியே வந்தார், வெறுங்காலோடு.

"செருப்ப எடுத்தா, பூட்டப் போறேன்னு நினைச்சு அந்தப் பிள்ள எழும்பிரும்."

எதிரே டீக்கடைக்காரர் சிரித்தார். "மத்தியான வெயில்ல செருப்பு எங்க வே?"

"அது அங்கன வேலை பாக்குது, அண்ணாச்சி."

சுடுதரையில் கால் மாற்றி மாற்றி நின்று டீயைக் குடித்து முடித்தவர், கோயில் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, இன்னொரு டீ சொன்னார்.