ஆறு மாதக் கயிறு

என் மச்சான் சாமியை ஏமாற்றிவிட்டான் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் ஒளித்துவைத்த பாட்டிலைக் கண்டுபிடிக்கிறேன் என்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டேன். கோழிக் கூண்டுக்குள் கையை விட்டுக் கொத்து வாங்கினேன்.

மச்சான் என் மனைவியின் தம்பி. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவன். பல வருடமாகத் தினக்குடி. காலையில் எழுந்ததும் கை நடுங்கும். ஒரு கட்டிங் உள்ளே போனால் நடுக்கம் நின்று வேலைக்குக் கிளம்பிவிடுவான். “இவன் டீசல்ல ஓடற வண்டி” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான்.

பொறுத்துப் பார்த்த அவன் மனைவி, மகளை அழைத்துக்கொண்டு சீயமங்கலத்தில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். “ஆறு மாசம் குடிக்காம இருக்கட்டும், வரேன்” என்று எங்களிடம் சொல்லி அனுப்பினாள். மச்சானும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டான்.

தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்து, மனு எழுதிப் பிழைக்கிறவன் நான். சாராயக் கடையை மூடச் சொல்லி எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு ‘குடியை இன்றே விடுவோம்’ என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் இந்த விஷயத்தில் நானே பெரிய மேதை என்ற எண்ணம்.

தொண்டூர் போகும் வழியில் ஒரு முனீஸ்வரன் கோயில். குடியை விட நினைப்பவர்கள் அங்கே சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொள்வார்கள். எத்தனை மாதம் என்பதை நாமே சொல்லலாம். கெடு முடிந்ததும் போய் அவிழ்த்துக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை காலை மச்சானை அங்கே கூட்டிப் போனோம்.

“எத்தினி மாசம்?” என்றார் பூசாரி.

“ஆறு.”

“ஒரு வருசமா கட்டிடட்டா?”

“ஆறே ஜாஸ்தி சாமி” என்ற மச்சான், என்னைக் காட்டினான். “மாமா கையிலயும் கட்டு. அவரு கட்டினாதான் நான் கட்டுவன்.”

“நான் மாசத்துக்கு ரெண்டு வாட்டிதான்டா.”

“அப்போ உனக்கு இன்னா கஷ்டம்? நீட்டு மாமா கைய.”

பின்னால் என் மனைவி செருமினாள். நீட்டினேன்.

பூசாரி இரண்டு பேருக்கும் கட்டிவிட்டு எச்சரித்தார். “மீறிக் குடிச்சா கை நடுங்கும். தூக்கம் வராது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வலிப்பு வந்து வாயில நுரை தள்ளும். சொல்லிட்டன்.”

சனிக்கிழமை எனக்கு இருமல். வீட்டிலிருந்த மருந்தை இரண்டு மூடி குடித்தபிறகு சீட்டைப் படித்தேன். பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது. உப்புத் தண்ணீரில் வாய் வெந்து போகும்வரை கொப்பளித்தேன். “இருமல் மருந்துக்கெல்லாம் கோவிச்சுக்காத சாமி” என்று தெற்கே பார்த்துக் கும்பிட்டேன். கோயில் வடக்கே என்று ஞாபகம் வந்து திரும்பி இன்னொரு முறை கும்பிட்டேன். பிறகு கையை நீட்டிப் பார்த்தேன். பயத்தில் ஆடியது.

எதிரே உட்கார்ந்திருந்த மச்சானின் கை என் கையைவிட அதிகமாக ஆடியது. சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. முந்தின ராத்திரி முழுக்க அவன் தூங்கவில்லை. ரெண்டு மூடிக்கே இந்த ஆட்டம் என்றால் இவன் எவ்வளவு குடித்திருக்க வேண்டும் என்று என் மூளை வேலை செய்தது.

“உண்மைய சொல்லுடா. எங்க வாங்கின?”

“குடிக்கல மாமா.”

“அப்போ கை ஏன் ஆடுது?”

“தினத்துக்கும் காலையில ஆடறதுதான மாமா. ஒரு கட்டிங் போட்டா நின்னுடும். இப்பதான் சத்தியம் பண்ணிட்டனே.”

டாக்டர் சொல்ல வேண்டியதை அவனே சொல்லிவிட்டான். நான் கோழிக் கூண்டைப் பார்க்கப் போனேன்.

ஞாயிறு காலை அவன் கூடத்தின் நடுவில் குனிந்து நின்றான். முதுகில் எதையோ வாங்கிக்கொண்டு சுவர்வரை நடந்து இறக்கிவைத்தான். திரும்பி வந்து மறுபடி குனிந்தான். “நகரு மாமா, மூட்டை வருது. எறும்பு ஏறுது பாரு, தட்டிவுடு.”

“ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாங்க” என்றாள் என் மனைவி.

“சாமி குத்தத்துக்கு எந்த ஆஸ்பத்திரில ஊசி போடறாங்க?” என்றேன். என் வாழ்நாளில் நான் அடித்த ஜோக்குகளில் இதை மட்டும் எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் தேவலை.

ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குக் கொண்டுபோனேன். எலுமிச்சம்பழம், கற்பூரம், எல்லாம் வாங்கினேன். எனக்கும் சேர்த்துத்தான். இருமல் மருந்துப் பயம் இன்னும் போகவில்லை. அவன் காதில், “குடிச்சேன்னு ஒத்துக்கடா, சாமி விட்டுடும்” என்று கெஞ்சினேன். எத்தனை முறை சொன்னேனோ. கடைசியில் என் முகத்தைப் பார்த்தான்.

“நீ சொன்னா சரி மாமா. குடிச்சேன்.”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். கற்பூரம் எரிந்து முடியுமுன் அவனுக்கு வலிப்பு வந்தது.

செஞ்சி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரம்மாவிடமும் நான், “திருட்டுத்தனமா குடிச்சிருக்கான் போல” என்றேன்.

“குடிச்சதால இல்லைங்க. நிறுத்தினதால வந்தது” என்றார் அவர். “ரொம்ப நாளா தினமும் குடிச்ச உடம்பு. மருந்து இல்லாம ஒரேயடியா நிறுத்தினா சில பேருக்கு உயிருக்கே ஆபத்து. மொத நாளே கூட்டிட்டு வந்திருந்தா அட்மிட் பண்ணி, மாத்திரை கொடுத்து நிறுத்த வச்சிருப்போம்.”

அப்போதுதான் பூசாரி சொன்ன தண்டனை முழுவதும் நினைவுக்கு வந்தது. நடுக்கம், தூக்கமின்மை, இல்லாதது கண்ணில் தெரிவது, வலிப்பு. இதை அவர் இட்டுக்கட்டவில்லை. கயிறு கட்டிப்போன எத்தனையோ பேர் இப்படித் திரும்பி வந்ததைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார். அவர்களையும் அவர்கள் வீட்டார் பொய்யன் என்றுதான் திட்டியிருப்பார்கள்.

என் நோட்டீஸில் விடச் சொல்லியிருந்தேன். எங்கே போய் எப்படி விடுவது என்று ஒரு வரி இல்லை. காகிதத்தில் இடம் இருந்தது; அதில் பூப்படம் போட்டிருந்தேன். தினமும் குடிப்பவர்கள் நிறுத்தும் முன்பு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்ற வரியை எல்லா நோட்டீஸிலும், சாராயக் கடை வாசலிலும் எழுதச் சொல்லி இப்போது திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறேன். ரசீது தருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மச்சான் இறந்தான். சீயமங்கலத்திலிருந்து அவன் மனைவி வந்தாள். அவன் கையில் கயிறு அப்படியே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

“கோயில்ல அவரே ஒத்துக்கிட்டாராமே, அண்ணா?”

“நான்தாம்மா அப்படிச் சொல்ல வச்சேன்” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சாகும்வரை அவன் ஒரு சொட்டும் குடிக்கவில்லை.