வெட்டுமேசைக்கு ஆசைப்பட்டவன்

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய வருஷங்களில், மட்டக்களப்பு புளியந்தீவில் வாவிக்கரையோரம் இருந்த ஒரு பறங்கியருடைய சப்பாத்துக் கடையில் நான் தையல்காரனாக இருந்தேன். எட்டு வருஷம் மெழுகு நூலை இழுத்து இழுத்து இரண்டு சுண்டுவிரல்களிலும் பள்ளம் விழுந்திருந்தது. கடையில் தைப்பவன், ஆணி அடிப்பவன், மினுக்குபவன் எல்லோருக்கும் மேலே இருப்பவன் தோலை வெட்டுகிறவன். தைத்ததைப் பிரித்துத் தைக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால் வெட்டுமேசையில் முதலாளி தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. அவருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது அந்த மேசை எனக்குத்தான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லியாயிற்று.

அப்போதுதான் யாழ்ப்பாணத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து அவன் வந்து சேர்ந்தான். என்னைவிட நாலைந்து வயது இளையவன். வந்த முதல் வாரமே ஒரு முழுத்தோலை விரித்து, முதுகிலிருந்து வயிறுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இந்த இடம் இழுபடும், முதலாளி. இதிலை சப்பாத்துக்கு மேல்தோல் வெட்டக்கூடாது" என்றான். முதலாளியும் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எட்டு வருஷத்தில் என் வேலையைப் பார்த்து அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. "நல்லம்" என்பார், அவ்வளவுதான்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. மறைக்க ஒன்றுமில்லை. அவன் கத்தி தீட்டும் சத்தம் பிடிக்கவில்லை. என்னை "அண்ணை" என்று கூப்பிடுவது பிடிக்கவில்லை. மத்தியானச் சோற்றை ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டு இலையைப் பதமாக மடித்துக்கொண்டு போவானே, அதுவும் பிடிக்கவில்லை. முதலாளி ஆறு சோடி எடுக்கும் தோலில் அவன் ஏழு சோடி எடுத்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. அவன் பெருமை அடிக்கிற ஆளாக இருந்திருந்தாலாவது வாய்விட்டுத் திட்டியிருக்கலாம். அந்த வசதியையும் அவன் எனக்குத் தரவில்லை.

மாரி முடிகிற நேரத்தில் முதலாளியின் தங்கை மகனுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளைச் சப்பாத்தை வெட்டுவதிலிருந்து மினுக்குவதுவரை அவன் ஒருவனே செய்யட்டும் என்றார் முதலாளி. பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "இது சரிவந்தா மேசை அவனுக்குத்தான்" என்றார்.

வெட்டிய தோலைக் கால் வடிவக் கட்டையில் இழுத்து அடிக்குமுன் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மாரிகாலத்தில் நாங்கள் கடைக்குப் பின்னால் இறங்கி வாவியிலேயே வாளியில் அள்ளுவோம். மழை வெள்ளத்தில் வாவி அப்போது நன்னீராக இருக்கும். வயல் வட்டைகள் மூழ்கிவிடாமல் வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டபின் கதை வேறு. வெள்ளம் வடியக் கடல் உள்ளே ஏறும். பார்வைக்கு அதே தண்ணீர்தான். ஆனால் அதில் ஊறிய தோல் காய்ந்து சில நாளில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதனால் முகத்துவாரம் வெட்டியாயிற்று என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒவ்வொரு வாளியையும் நாக்கில் வைத்துப் பார்ப்போம். கரித்தால் கொட்டிவிட்டு, மழைத்தண்ணீர் பிடித்து வைத்த பீப்பாவுக்குப் போவோம்.

அந்த வருஷம் முகத்துவாரம் வெட்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவனுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆனால் அவனுடையது பிறந்ததிலிருந்து உப்புக் கரிக்கும் சவர்க் கிணற்றுத் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கு. அன்று காலை வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான்.

"அண்ணை, எனக்கு எல்லாத் தண்ணியும் நல்ல தண்ணியாத்தான் கிடக்கு. நீங்கள் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தேன். லேசாகத்தான் கரித்தது, ஆனால் சந்தேகமில்லை.

"நல்ல தண்ணிதான். போடு" என்றேன்.

கூப்பிட்டுச் சொல்ல நேரம் இருந்தது. அன்று பகல் முழுவதும் இருந்தது. பத்தடி தள்ளித் தோல் ஊறிக்கொண்டிருந்தது, நான் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கெட்டிக்காரனுக்கு இதுகூடத் தெரியாதா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

சப்பாத்து அழகாகத்தான் வந்தது. முதலாளி அதைத் தன் கைலேஞ்சியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். சனிக்கிழமை மாதா கோயிலில் தாலி கட்டுமுன் மாப்பிள்ளை பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். இரண்டு குதிகளும் சனத்தைப் பார்த்தபடி இருந்தன. கறுப்புத் தோலில் தையலோரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. பெண்வீட்டாரில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் சந்தோஷம் வீடு போய்ச் சேருமுன் பயமாகிவிட்டது. அவன் என் பெயரைச் சொல்லிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மறுமொழி தயாரித்தேன். என்னிடம் அவன் கேட்கவே இல்லை என்று சாதித்துவிட வேண்டும் என்ற தீர்மானத்தோடு திங்கட்கிழமை கடைக்குப் போனேன். அவனுடைய இடம் காலியாக இருந்தது. முதலாளி என்னை வெட்டுமேசைக்குக் கூப்பிட்டார்.

"நேத்து வீட்ட வந்து சொல்லிப்போட்டு ஊருக்குப் போயிட்டான். தண்ணியப் பாக்காமப் போட்டது தன்ட பிழைதானாம். உன்னட்டக் கேட்டானோ எண்டு கேட்டன். கேக்கவே இல்லையாம்."

நான் தயாரித்து வைத்திருந்த பொய்யை அவனே எனக்காகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

முதலாளி கத்தியை என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷம் அந்த மேசையில் வெட்டினேன், அவனைப்போல ஒருநாளும் வெட்டவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் கோயில் வாசலிலேயே அவனைக் காட்டிக் கொடுத்திருப்பேன். அவன் என் பெயரை வாயில் எடுக்காமல் போனான். அதற்காகத்தான் இன்றைக்கும் அவன்மேல் எனக்குப் பொறாமை.