அம்மா நிறுத்திய பத்திரிகை

துபாய் கராமாவில், மனுக்கள் எழுதித் தரும் டைப்பிங் சென்டரில் நான் வேலை பார்க்கிறேன்; அங்கே இன்று காலை ஸ்டாம்ப் மை மேஜையில் கொட்டிவிட்டது. துடைக்கக் குனிந்தபோது, அந்த வாசனை என்னைத் தஞ்சாவூர் வீட்டின் பின்னறைக்குக் கொண்டுபோனது.

அங்கேதான் அம்மா பெண்களுக்காக ஒரு மாதப் பத்திரிகை நடத்தினாள். ஸ்டென்சிலில் எழுதி, நகலெடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினை அவளே சுற்றுவாள். போன நூற்றாண்டுக்கும் முன்னால், ஊரார் ஏச்சுக்கு நடுவே பெண்ணுரிமைக்காகப் பத்திரிகை நடத்திய ஒருத்தியின் வாழ்க்கையைத் தொடராக எழுதினாள். எங்களுக்குப் படித்துக்காட்டும்போது அவள் குரல் தானாக உயரும்.

ஒரு மாதம், கணவன் அடிப்பதைப் பற்றி எதிர்வீட்டு சரோஜா அக்கா எழுதிக் கொடுத்ததைப் பெயர் மாற்றி வெளியிட்டாள். தெருவே ஆளைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டாம் நாள் சரோஜா அக்கா வீங்கிய முகத்தோடு வந்தாள்.

"நல்லதுன்னுதான் போட்டீங்க. அடி எனக்குத்தானேக்கா விழுது? இனிமே யாரைப் பத்தியும் எழுதாதீங்க."

அம்மா அதன்பின் எழுதவே இல்லை. தொடரும் பாதியில் நின்றது. தொடரில் வந்த அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள் என்று கேட்டால், "தெரியாது, போ" என்பாள்.

"அக்கா," என்று குரல் கேட்டு நிமிர்ந்தேன். வீட்டுவேலை செய்யும் இலங்கை மலையகத்துப் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள். "என் பாஸ்போர்ட்ட மேடம் தரமாட்டேங்குறாங்க. பேரு போடாம கம்ப்ளெய்ன்ட் எழுத ஏலுமா?"

"பேர் இல்லாட்டி வாங்க மாட்டாங்கம்மா."

"அப்ப வேணாக்கா," என்று எழுந்து போனாள்.

நான் தடுக்கவில்லை.