இக்னேஷியஸ் கட்டிய பலகை வீடு

இக்னேஷியஸ் பஃபாஞ்சுக்கு உட்காரத் தெரியாது. கரீபியனில், பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் எங்கள் மொன்செராட் தீவின் தெற்குப் பாதியை எரிமலை மூடிய பிறகு, வடக்கே ஒரு தேவாலயத்தில் ஊரே தங்கியிருந்தது. பெஞ்சுகளை அப்புறப்படுத்திக் கட்டில் போட்டிருந்தார்கள். கட்டில்களுக்கு நடுவே அவன் நடந்துகொண்டே இருப்பான். லாரி ஓட்டிய ஆள். லாரி சாம்பலுக்கு அடியில் போய்விட்டது.

அவன் மனைவி அடீலியாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு குழறும், புத்தி தெளிவு. நான் ஓய்வுபெற்ற நர்ஸ் என்பதால் அவளைக் குளிப்பாட்டும் வேலை என்னுடையது. இரண்டு பெண்கள் படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடிப்பார்கள். கழிப்பறைக்கு வரிசையில் நிற்பவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். சாம்பல் தூசியில் அவளுக்கு இருமல் நிற்கவில்லை. முதுகில் படுக்கைப்புண் தொடங்கியிருந்தது. அவளை வேறு இடத்துக்கு மாற்றியாக வேண்டும், அதுவும் சீக்கிரம்.

லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்து கூட்டம் போட்டார். இங்கிலாந்து போக விரும்புகிறவர்களுக்குப் பயணச் செலவு தருவார்கள், இங்கேயே இருக்கிறவர்களுக்கு வடக்கே வீடு கட்டித்தர யோசிக்கிறார்கள் என்றார். தனி நாடாகப் போவதா, பிரிட்டனோடு இருப்பதா என்பதும் மக்கள் விருப்பம்தான் என்றார்.

இக்னேஷியஸ் பின்னாலிருந்து கத்தினான். "தனியாப் போறியாங்கிறீங்க, கப்பல் ஏறுறியாங்கிறீங்க. இன்னிக்குப் படுக்க எடம் எங்கன்னு மட்டும் சொல்ல வாய் வரமாட்டேங்குதே, ஐயா!"

"யோசிக்கிறாங்கப்பா, தொந்தரவு பண்ணாத!" என்றது ஒரு குரல். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்துவைத்தார்.

மறுநாளே இக்னேஷியஸ் வேலையில் இறங்கினான். தடைசெய்த பகுதியின் ஓரத்தில் அவன் தங்கையின் பலகை வீடு காலியாக நின்றது. சாமான் எடுக்கப் பகலில் போலீஸ் உள்ளே விடும். இவன் வீட்டையே சாமான் என்றான். பலகை பலகையாகக் கழற்றி, இரவல் வண்டியில் ஏற்றி, தேவாலயத்துக்குப் பக்கத்துக் காலி மனைக்குக் கொண்டுவந்தான். எரிமலை எச்சரிக்கைச் சைரன் ஊதினால் போட்டது போட்டபடி ஓடி வருவான். சாம்பல் அடங்கியதும் திரும்பப் போய்விடுவான்.

கடைசியில் மரூன் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் மரூன் என்றால் ஊரே கூடிச் செய்துதரும் வேலை, கூலி கிடையாது. கூப்பிட்டவர் ஆட்டுக்கறிக் குழம்பு போட வேண்டும், ரம் ஊற்ற வேண்டும். தேவாலயத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சூரியன் சாயும் முன் கூரை ஏறிவிட்டது.

நான் அடீலியாவின் துணிகளை மூட்டை கட்டினேன். "போகலாமா? வீடு தயார்."

"வீடு யாரு கேட்டா?" என்றாள், பாதி வாயால்.

"பின்ன உனக்கு என்னடி வேணும்?"

"டாக்டரு. சுடுதண்ணி. அந்த மல தெரியாத ஜன்னலு." மூச்சு வாங்கிக்கொண்டு, "லண்டன்" என்றாள்.

சுத்தியலோடு வந்து நின்ற இக்னேஷியஸ் காதில் இது விழுந்தது. "அடிப் பாவி, ஒரு தடவ சொல்லியிருக்கலாமே!"

"நீ ஒரு தடவ நின்னிருந்தா சொல்லியிருப்பேன்."

வெளியே போனான். புது வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தான். சுவரைத் தட்டிப் பார்த்தான். திரும்பி வந்து என்னிடம் பொரிந்தான்.

"அங்க நான் என்ன பண்றது, நர்ஸம்மா? குளிர்ல குந்திக்கிட்டு, அவனுங்க போடுற சோத்தத் தின்னுக்கிட்டு?"

"அவளுக்கு வைத்தியம் கெடைக்கும். இங்க அந்தப் புண் எலும்புவரைக்கும் போகும். ரெண்டையும் நேரா சொல்லிட்டேன். முடிவு உன்னோடது."

"என்னோடதா?" என்று கட்டிலைப் பார்த்தான். அடீலியா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை.

அந்த வாரமே இங்கிலாந்து போகப் பெயர் கொடுத்தான். அவன் கட்டிய வீட்டில், மூச்சிரைப்பு உள்ள கைக்குழந்தையோடு ஒரு பெண்ணைக் குடிவைத்தோம். அண்டிகுவா வரை படகு, அங்கிருந்து விமானம். படகுத்துறையில் அடீலியாவைத் தூக்குபடுக்கையில் கிடத்தியிருந்தார்கள். வழியில் அவளைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டுமே. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். வெடுக்கென்று புரட்டினான்.

"மெதுவாய்யா. நான் பலக இல்ல."

படகு ஊதியது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, கையை மாற்றி வைத்து, மறுபடி புரட்டினான். இந்த முறை அவள் முகம் சுளிக்கவில்லை.