மங்களத்துக்கு முன்னால்

அடுத்த வீட்டில் டிவி ஓடுகிறது. கோச்சடையில் வீடுகள் நெருக்கம். அவர்கள் பார்க்கிற நாடகம் எனக்கும் கேட்கும். சாயங்காலமானால் அதில் ஒரு பெண் கன்னத்தில் அறை வாங்குகிறாள். அறைக்கு முன்னும் பின்னும் வாத்தியம் வேறு.

நான் மேடையேறிய காலத்தில் மிருதங்கக்காரர்தான் அறை. கதாநாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட்டின் கை என் கன்னத்துக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். மிருதங்கத்தில் ஒரு தட்டு விழும். நான் சாய்வேன். ஒருநாள் மனிதர் வெற்றிலை மென்றபடி தட்ட மறந்துவிட்டார். நான் சத்தமில்லாமல் விழுந்தேன். கொட்டகையே சிரித்தது. என் நடிப்பின் லட்சணம் அவ்வளவுதான்.

எனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வாத்தியார் சொல்லச் சொல்லக் கேட்டு வசனத்தைப் பாடம் பண்ணுவேன். நாடகம் எழுதியதும் அவர்தான், கம்பெனியும் அவருடையதுதான். யுத்த காலத்தில் புதிதாக ஒன்று எழுதினார். குடிகாரப் புருஷன் அடிக்கிறான். பெண்டாட்டி பொறுக்கிறாள். கடைசியில் வீட்டை விட்டுப் போகிறாள். அவள் வேஷம் எனக்கு.

கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் ஊரில் இரண்டு நாள் ஆட்டம். மண்ணெண்ணெய் தட்டுப்பாடு என்பதால் பொழுது சாய்வதற்குள்ளேயே தொடங்கிவிடுவோம். எந்த நாடகமானாலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்க, மங்களம் பாடித்தான் முடியும். பிறகு ஊர்ப் பெண்கள் வந்து மேடைப் பெண்டாட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் கொடுப்பார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. நாடகக்காரியை யார் கட்டுவான்? ஆனாலும் அந்த மஞ்சளை வாங்கிப் பூசிக்கொள்வேன். வாசம் பிடிக்கும்.

அந்த ஊரில் முதல் நாள் நான் வீட்டை விட்டுப் போனதோடு திரை விழுந்தது. மங்களம் இல்லை. மஞ்சளோடு ஒருத்தியும் வரவில்லை.

மறுநாள் மதியம் ஒருத்தி வந்தாள். நாங்கள் தங்கியிருந்த சாவடிக் கிணற்றில் புடவை அலசிக்கொண்டிருந்தேன். பெயர் செல்லாயி என்றாள். கையில் ஒரு மஞ்சள் கிழங்கு.

“நேத்துப் போனியேக்கா, எங்க போன?”

“தட்டிக்குப் பின்னால. சுக்குக் காப்பி குடிச்சேன்.”

சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“அடிச்சா அம்புட்டுச் சத்தம் வராதுக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேக்காமத்தான் அடிப்பாக.”

நான் துணியைப் பிழிந்தேன்.

“ஆத்தா வீட்டுக்கு ஓடினேன். ‘வாழாவெட்டியா வந்து நிக்காத, கட்டிக்குடுக்கத் தங்கச்சிக இருக்கு’ன்னு திரும்பக் கொண்டாந்து விட்டுட்டாக.” குரலை இறக்கினாள். “இன்னைக்கும் போவேல்ல?”

“போவேன்.”

“நீ போறப்ப ஊரே உன்னையத்தான் பாக்கும். எங்க வீட்டுக்காரரும் பாப்பாரு. அப்ப நானும் போறேன். மேலூர்ல சின்னம்மா இருக்கு. திருச்சி ரோட்டுக்குப் போயிட்டா வண்டி கெடைக்கும்.”

சாயங்காலம் அரிதாரம் பூசும்போது வாத்தியார் வந்தார். கூடவே ஊர்ப் பெரியவர்.

“மங்களம் பாடாம விட்டுட்டீக. ஊருக்கு ஆகாது. பொம்பளப் பிள்ளைக வேற பாக்குதுக. இன்னைக்கு அந்தப் புள்ள திரும்பி வந்து புருசன் கால்ல விழணும்,” என்றார் பெரியவர்.

வாத்தியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. “போன வேகத்துல வந்திரு தாயி.”

போன வேகத்தில் வந்தால் செல்லாயி நழுவ நேரமில்லாமல் எழுந்த இடத்திலேயே நிற்பாள். அவளிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை. கூட்டம் உட்கார்ந்துவிட்டது.

செல்லாயி பெண்கள் பக்கத்தில், அவர்களை மறைக்கும் ஓலைத் தட்டி ஓரமாக இருந்தாள். மடியில் துணி மூட்டை, அதன்மேல் முந்தானை. என் நேரம் வந்ததும் போனேன். மெதுவாகப் போனேன். நடுவில் நின்று, எழுதாத வசனம் எதையோ பேசினேன். மேடைத் தட்டிக்குப் பின்னால் வந்ததும் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

“வா தாயி,” என்றார் வாத்தியார்.

“வரல.”

“ஊரு அடிக்கும்.”

“நீங்கதானே போகச் சொல்லி எழுதினீக?”

அவர் கோமாளி வேஷம் கட்டும் பபூனைப் பார்த்தார். பபூன் என் இன்னொரு புடவையைச் சுற்றிக்கொண்டு, மீசையோடு போய் ராஜபார்ட் காலில் விழுந்தார். கூட்டம் உருண்டு சிரித்தது. மங்களம் பாடினார்கள். பெரியவருக்குத் திருப்தி. காலில் ஒரு சேலை விழுந்தால் போதும் போலிருக்கிறது.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

விடிந்தபோது ஊர் ஆண்கள் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லாயி ஒன்றிலும் இல்லை. எங்கள் வண்டி கிளம்பியது.

அறுப்பு முடிந்து மேலூரில் ஆட்டம் வந்தது. செல்லாயியின் சின்னம்மா வீட்டைத் தேடிப் போனேன்.

“செல்லாயியா? இங்க வரலையே. அவ புருசன் மறுநாளே வந்து நெல்லுக் குதிருக்குள்ள வரைக்கும் தேடிட்டுப் போனான்,” என்றாள்.

அந்த நாடகத்தை அப்புறம் யாரும் கூப்பிட்டுப் போடச் சொல்லவில்லை. வசனம் வாத்தியாரோடு போயிற்று. ராஜபார்ட் இல்லை, பபூன் இல்லை. பெண்களை மறைத்த ஓலைத் தட்டி எங்கேயும் இல்லை. திருச்சி ரோட்டில் பஸ்கள் பறக்கின்றன.

செல்லாயி என்னிடம் பொய் சொல்லியிருக்க வேண்டும். மேலூர் என்று சொல்லிவிட்டு வேறு திசையில் போயிருக்க வேண்டும். போகிற இடத்தை ஒரு நாடகக்காரியிடம் யாராவது சொல்வார்களா? கெட்டிக்காரி அவள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.